மூணாறில் ஒரு விசில் கூடுதல்

போடியில் மூன்று விசிலில் மசிகிற துவரம்பருப்பு, மூணாறு எஸ்டேட் லயத்தில் அத்தை வீட்டுக்குப் போனால் நாலு கேட்கிறது. "மலையேறினா பருப்புக்கும் திமிர் வந்துடும்" என்பார் அத்தை. கூட வந்திருந்த அண்ணன் மகள் ஐந்தாம் வகுப்பு. அவள் விடுவதாக இல்லை. "போடிக் கடையில வாங்கின பருப்புதானே சித்தப்பா?"

சரி, முதலில் மூடாத பாத்திரத்தைப் பார்ப்போம். தண்ணீரைக் காற்று எந்நேரமும் மேலிருந்து அழுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தத்துக்கு ஈடுகொடுக்கும் வலு உள்ளே உண்டாகும் ஆவிக்குமிழிக்கு வந்தால்தான் கொதி. கடல் மட்டத்தில் அதற்கு 100 டிகிரி சூடு வேண்டும். மலை ஏற ஏற, தலைக்கு மேல் இருக்கும் காற்று குறைகிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலையும் இறங்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் மூணாறில் தண்ணீர் 95 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். அப்புறம் எவ்வளவு தீயைக் கூட்டினாலும் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். பருப்பை வேகவைப்பது கொதி அல்ல, சூடு.

குக்கர் என்ன செய்கிறது? ஆவியை உள்ளேயே அடைத்து, காற்றின் அழுத்தத்தோடு இன்னொரு பங்கு அழுத்தத்தைச் சேர்க்கிறது. தண்ணீர் கொதிக்கவே 120 டிகிரி வரை போயாக வேண்டும்.

இத்தனையையும் கட்டிப்போடுவது மூடிமேல் உட்காரும் அந்தச் சின்ன வெயிட். அண்ணன் மகள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவளால் நம்ப முடியவில்லை. கணக்குப் போட்டோம். உள்ளே ஆவி, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ கூடுதலாகத் தள்ளுகிறது. வெயிட் உட்காரும் குழாயின் துளை 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் வழியே முட்டும் விசை வெறும் 70 கிராம் எடைதான். அதே ஆவி, 20 சென்டிமீட்டர் அகல மூடியைத் தள்ளுவதோ 300 கிலோவுக்கும் மேல்! ஆவி அடங்குமுன் மூடியோடு மல்லுக்கட்டாதே என்று பெரியவர்கள் திட்டுவது இதனால்தான்.

துளையில் பருப்புத்தோல் அடைத்துக்கொண்டால் ஆபத்து. அத்தை மூடுவதற்கு முன் மூடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துளை தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வார். அதையும் மீறி அடைத்தால், சேஃப்டி வால்வில் இருக்கும் உலோகம் உருகி வழிவிடும். 1679-இல் எலும்பை மிருதுவாக்க ஆவிப்பாத்திரம் செய்த பிரெஞ்சுக்காரர் டெனி பாப்பின், அதற்கும் ஒரு பாதுகாப்பு வால்வு வைத்தார். நம் குக்கருக்கு அதுதான் பாட்டன்.

இப்போது மூணாறுக் கணக்கு. வெயிட் சேர்க்கும் அழுத்தம் எங்கேயும் ஒன்றுதான். ஆனால் அதோடு கூடும் வெளிக்காற்று மலையில் குறைவு. அதனால் குக்கருக்குள் இரண்டு டிகிரி போலக் குறைந்து, 118 பக்கம் நிற்கும். அந்த இரண்டு டிகிரிக்குத்தான் கூடுதல் விசில்.

என்னைக் கேட்டால், விசில் எண்ணுவதே சரியான அளவு இல்லை. பெருந்தீயில் நாலு விசில் சடசடவென்று வந்துவிடும், சிறுதீயில் வெகுநேரம் ஆகும். முதல் விசிலிலேயே சூடு உச்சத்தைத் தொட்டுவிடுவதால், தீயைக் குறைத்துவிட்டு நிமிடம் பார்ப்பதே மேல், கேஸும் மிச்சம். அத்தை கேட்டுக்கொண்டார், தீயையும் தணித்தார். எண்ணுவதை மட்டும் விடவில்லை.