அஞ்சடியை விட்டுக் கட்ட முடியாது

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், கீழே கடையும் மேலே வீடுமாக அமைந்த பழைய கடைவீட்டை வாங்கியவரும் வாடகைக்கு எடுத்தவரும் முதலில் கேட்பது, "உள்ளே இடித்துக்கொள்ளலாமா?" என்பதுதான். முகப்பை மட்டும் விட்டுவைத்தால் போதும் என்ற நினைப்பு பலருக்கு. அது தப்புக்கணக்கு.

1989இல் இந்த வட்டாரம் பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அதன்பின் இங்கே கட்டட வேலை எதுவானாலும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். வழக்கமான பராமரிப்பு போன்ற சிலவற்றுக்கே விலக்கு. காக்க வேண்டிய பட்டியலில் முகப்போடு கூரை, பக்கத்து வீட்டோடு பொதுவான சுவர், மர உத்தரம், மாடிப்படி, வானம் பார்த்த முற்றம் எல்லாம் உண்டு. என்னைக் கேட்டால் முற்றம்தான் கடைவீட்டின் உயிர். நீண்டு குறுகிய வீட்டின் நடுவே வெளிச்சமும் காற்றும் இறங்குவது அதன் வழியாகத்தான்.

ஜாலான் புசார், ஜூ சியாட் போன்ற இடங்களில் விதி சற்றுத் தளர்வு. முன்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் உயரமான புதுப்பகுதி எழுப்ப வழியிருக்கிறது.

பழைய கட்டடம் இல்லாத மனையானால்? அங்கே புதிதாகக் கட்டலாம். ஆனால் உயரமும் புற வடிவமும் தெருவுக்கு அடங்க வேண்டும். கடைவீட்டு வரிசையின் முன்னால் கூரைக்கடியில் ஓடும் அஞ்சடியும் அறுந்துவிடக் கூடாது. மழைக்கு ஒதுங்க நமக்குப் பழகிப்போன அந்த நடைபாதை, சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்சின் 1822 நகரத் திட்டக் காலத்து விதி. வீட்டுக்காரரின் நிலத்தில் இருந்தாலும் நடப்பது ஊரார்.

அதற்காகப் புதியது பழையதைப் போல வேடம் கட்ட வேண்டியதில்லை. கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தைப் பாருங்கள். நான்கு மாடி, வடஇந்தியப் படிக்கிணற்றை நினைத்து வடிவமைத்தது. பகலில் பளபளக்கும் அதன் முகப்பு, பொழுது சாய்ந்து உள்ளே விளக்கெரிந்ததும் மெல்லிய திரையாகி, பின்னால் உள்ள ஓவியத்தைத் தெருவுக்குக் காட்டும். போலியாக மரச் சன்னல் பொருத்தியிருந்தால் இந்த அழகு வந்திருக்குமா?

பெயர்ப்பலகைக்கும் கட்டுப்பாடு உண்டு. மேல்மாடிச் சன்னலை மறைத்து மாட்ட முடியாது. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன், முன்னவர் செய்த மாற்றங்களுக்கு அனுமதி இருந்ததா என்று கேட்டு, தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள்.