மனநல உதவிக்கு ஏன் இவ்வளவு சுற்று?

மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் முதல்முறை வருகிறவர் கையில் பெரும்பாலும் ஒரு கட்டைப் பை இருக்கும். உள்ளே இ.சி.ஜி., எக்கோ, எண்டோஸ்கோப்பி, தலை ஸ்கேன் என்று பல வருஷத்து ரிப்போர்ட்டுகள். எல்லாமே நார்மல். நெஞ்சு படபடப்புக்கு ஒரு டாக்டர், வயிற்று எரிச்சலுக்கு இன்னொருவர், தூக்கம் வராததற்கு மெடிக்கல் கடை என்று கடன் வாங்கி அலைந்த பிறகுதான் யாரோ ஒருவர் எங்கள் பெயரைச் சொல்லியிருப்பார்.

காதில் குரல் கேட்கிற பிள்ளைகள் வரும் வழி வேறு. காத்து கருப்பு என்பார்கள், யாரோ செய்வினை வைத்துவிட்டதாகச் சொல்வார்கள். மந்திரித்துக் கயிறு கட்டி, கோயிலிலும் தர்காவிலும் தங்கவைத்துப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். மனச்சிதைவு என்கிற இந்த நோய் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலிருந்து இருபதுகளுக்குள் தொடங்குகிறது. படிப்பும் வேலையும் அமைகிற வயது. சிகிச்சை தள்ளிப்போகப் போக மருந்து வேலை செய்வதும் மெதுவாகிறது. ஆகவே அந்த முதல் சில மாதங்களைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அதற்காகச் சாமி கும்பிடுவதைக் குறைசொல்லிப் பயனில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்கா இருக்கிற ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் அங்கே மாறியது, மனநல மருத்துவம் தர்காவைத் தேடிப் போனதுதான். வேண்டுதலுக்கு வந்தவர் அங்கேயே டாக்டரையும் பார்க்க முடிகிறது. நானும் குடும்பத்தாரிடம் கயிறு இருக்கட்டும், மாத்திரையையும் வேளை தவறாமல் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

2015-16 தேசிய மனநல ஆய்வு, மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்கு, நோயைப் பொறுத்து, சிகிச்சையே கிடைப்பதில்லை என்று சொன்னது. மனநல மருத்துவர்களை மட்டும் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. மக்கள் முதலில் போய் நிற்கிற இடத்தில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பிரசவமான பெண்களை எடுத்துக்கொள்வோம். கர்ப்பம் பதிவான நாளிலிருந்து கிராம சுகாதார செவிலியர் அந்தப் பெண்ணைத் தொடர்ந்து பார்க்கிறார். எடை, பிரஷர், ரத்த அளவு எல்லாம் அட்டையில் ஏறுகிறது. கூடவே இரண்டு கேள்வி கேட்டால் போதும். "ரெண்டு வாரமா மனசு பாரமாவே இருக்கா? முன்னாடி பிடிச்ச விஷயத்துல இப்ப ஈடுபாடு இல்லையா?" உலகம் முழுக்க மனச்சோர்வைக் கண்டுபிடிக்கப் பயன்படும் எளிய முதல் கேள்விகள் இவைதான். ஆமாம் என்றால் அடுத்த கட்டமாக விரிவாக விசாரிக்கலாம். குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை, குழந்தையைத் தொடவே பயப்படுகிறாள், சம்பந்தமில்லாமல் பேசுகிறாள் என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. இதையெல்லாம் "பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். மாமியாரிடம் சொல்ல முடியாததைச் செவிலியரிடம் சொல்லும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் செவிலியருக்குப் பயிற்சியும் கேட்பதற்கு நேரமும் வேண்டும். ஏற்கெனவே அவர் தலையில் ஏகப்பட்ட பதிவேடுகள்.

பள்ளி ஆசிரியரும் அப்படித்தான். நன்றாகப் படித்த பையன் திடீரென்று பின்தங்குகிறான், குளிப்பதில்லை, நண்பர்களை விட்டு ஒதுங்குகிறான், எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொல்கிறான் என்றால், அதைத் திமிர் என்று நினைத்துத் தண்டிப்பதற்கு முன் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

போலீஸ் பயம் இன்னொரு தடை. தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரவே சில குடும்பங்கள் தயங்குகின்றன. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தில் தற்கொலை முயற்சிக்குத் தண்டனை சொன்ன பழைய 309-வது பிரிவும் இல்லை. தயங்காமல் கொண்டுவாருங்கள்.

நேரில் வர முடியாதவர்கள் 14416 எண்ணுக்குப் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், வீட்டுக்காரர்களும் கூப்பிடலாம். ஆனால் மாத்திரைக்காக மாதாமாதம் ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறவருக்குப் போன் மட்டும் போதாது. சர்க்கரை மாத்திரை கிடைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மனநல மாத்திரையும் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். நான் போகிற கூட்டங்களில் எல்லாம் இதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

சரி, "அவன் வரவே மாட்டேங்கிறான், என்ன பண்றது?" என்று பல அம்மாக்கள் கேட்பார்கள். முதலில் நீங்கள் மட்டும் வாருங்கள். எப்போதிலிருந்து, என்னென்ன மாற்றம், தூக்கம் சாப்பாடு எப்படி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் போதும். எப்படிப் பேசி அழைத்துவருவது என்பதை உட்கார்ந்து யோசிப்போம்.