மழையில் மலை இறங்கும் சைக்கிளுக்கு எந்த ரிம்?

போன ஆடிச் சாரலில் ஒரு தம்பி கொல்லத்திலிருந்து ஆரியங்காவு வழியாக இறங்கி, செங்கோட்டையில் என் கடைக்கு வந்தார். பின்சக்கரத்தின் இரு பக்கமும் பை, மேலே கூடாரம். "அண்ணாச்சி, பிரேக் பிடிச்சா லிவர் கையில துடிக்குது. கட்டையை மட்டும் மாத்திக் குடுங்க, சாயங்காலத்துக்குள்ள ராஜபாளையம் போயிரணும்" என்றார்.

நான் முதலில் டயர் காற்றைத்தான் இறக்கினேன். பின் ரிம்மின் பக்கச் சுவர் விரலுக்கே குழியாகத் தட்டுப்பட்டது. ஓரிடத்தில் வெளியே பிதுங்கியும் இருந்தது. அளந்தால் சுவரின் தடிமன் 0.7 மி.மீ. புதிதில் ஒன்றரை மி.மீ. போல இருந்திருக்கும். வந்த இறக்கத்தில் இருக்கும் புளியரை எஸ் வளைவில் அது பிளந்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் பதறுகிறது.

ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள வண்டியில், ரிம்மும் பிரேக்கின் ஒரு பாகம். தேயத்தான் செய்யும். மழையில் ரோட்டு மணல் பிரேக் கட்டையில் பதிந்துகொண்டு உப்புத்தாள் மாதிரி அலுமினியத்தை அராவும். சுவர் மெலிய மெலிய, உள்ளே டயர் காற்று அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். தாங்காத நாளில் சுவர் கிழிந்து, டயர் கழன்று, சக்கரம் சிக்கிக்கொள்ளும். அது பெரும்பாலும் இறக்கத்தில், பிரேக் பிடிக்கும்போதுதான் நடக்கும். டிஸ்க் பிரேக்கில் இந்தத் தேய்மானம் கிடையாது. மலையும் மழையும் சேர்ந்த பாதைக்கு அதையே சொல்வேன்.

ரிம் வாங்க வருகிறவர்கள் முதலில் எடையைத்தான் கேட்கிறார்கள். சுமையோடு போகிறவர் எடையைப் பார்க்கக் கூடாது. இரட்டைச் சுவர் ரிம் (டயருக்கு அடியில் இரண்டு அடுக்காக இருப்பது) எடுங்கள். ஒற்றைச் சுவர் குழியில் விழுந்தால் சீக்கிரம் நெளியும். சுமையில் பெரும்பங்கு பின்சக்கரத்துக்குப் போவதால் அதற்கு 36 ஸ்போக் துளை வேண்டும். பக்கச் சுவரில் தேய்மானம் காட்டும் கோடோ புள்ளியோ இருந்தால் நல்லது. அது மறைந்துவிட்டால் ரிம்மை மாற்றிவிட வேண்டும். இரும்பு ரிம் வேண்டவே வேண்டாம், நனைந்தால் பிரேக் நிற்காது.

அளவு விஷயத்திலும் ஏமாறுகிறார்கள். 26 இஞ்ச் என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். டயர் உட்காரும் இடத்தின் விட்டம் மி.மீ. கணக்கில் ஒரு எண்ணாக இருக்கும். 559 ரிம்முக்கு 590 டயர் ஏறாது, இரண்டுக்கும் பெயர் 26தான். டயரின் ஓரத்தில் அந்த எண் இருக்கும்.

சரி, தேய்மானத்தை எப்படி அளப்பது? டயர் மாட்டும் விளிம்பு தடிப்பானது, அதனால் வெர்னியர் அளவுகோலை நேராக வைத்தால் தவறான அளவுதான் கிடைக்கும். 2 மி.மீ. ஸ்போக் கம்பியில் இரண்டு சிறு துண்டு வெட்டி, சுவரின் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றும் வைத்துப் பிடித்து அளங்கள். வருவதில் 4 மி.மீ. கழியுங்கள். 1 மி.மீ.க்குக் கீழே வந்தால் அந்த ரிம்மோடு மலை ஏறாதீர்கள்.

தம்பியை அன்று நான் அனுப்பவில்லை. ரிம் வர ஒரு நாள், ஸ்போக் பூட்டிக் கோட்டம் எடுக்க அரை நாள். முன் ரிம் 1.2 இருந்தது. அடுத்த மழைக்கு முன் அளந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று சொல்லி, அந்த இரண்டு கம்பித் துண்டுகளையும் அவர் கையிலேயே கொடுத்தேன்.