மாரி கழிந்ததும் படகுத் தாங்கியில் மிஞ்சும் பழைய பெற்றோல்

திருகோணமலைக் கரையில் கார்த்திகை தொடங்கி மாசி வரை வாடைக்காற்றும் கடற்கொந்தளிப்பும் சிறு படகுகளில் பலவற்றை மணலில் ஏற்றி வைத்துவிடுகின்றன. பங்குனியில் கடல் தணிந்ததும் நிலாவெளி, உப்புவெளி, சல்லி, திருக்கடலூர்ப் பக்கங்களிலிருந்து என் பட்டறைக்கு வரும், படகின் பின்புறத்தில் மாட்டும் வெளியிணைப்பு இயந்திரங்களில் பல ஒரே குறையைச் சொல்கின்றன. கரையில் ஒழுங்காக இயங்கிய இயந்திரம், கடலுக்குள் சென்று வேகமெடுத்தபோது நின்றுவிட்டது என்கிறார்கள். கொண்டுவருபவர்கள் பிளக்கைச் சந்தேகிக்கிறார்கள். நான் முதலில் கேட்பது, தாங்கியிலுள்ள பெற்றோல் எந்த மாதம் ஊற்றியது என்பதைத்தான்.

பெற்றோல் பல நீர்மங்களின் கலவை. அவற்றுள் எளிதில் ஆவியாகும் பகுதிதான் இயந்திரத்தைக் குளிர்ந்த நிலையில் பற்றவைக்கிறது. தாங்கி மூடியின் காற்றுத்துளை திறந்திருந்தால் முதலில் வெளியேறுவதும் அதுவே. எஞ்சிய பகுதி காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாக மாறி, எரிபொருளைக் காற்றுடன் கலந்து இயந்திரத்துக்குக் கொடுக்கும் காபரேற்றரின் நுண்துளைகளில் மஞ்சள் அரக்குப் போலப் படிந்துவிடுகிறது. பகல் வெயிலில் தாங்கிக்குள்ளிருக்கும் ஆவி விரிந்து வெளியேறுவதும், இரவில் ஈரமான கடற்காற்று உள்ளே இழுக்கப்படுவதும் நாள்தோறும் நடப்பதால், பாதி வெறுமையாகக் கிடக்கும் தாங்கியின் சுவரில் நீர் துளிர்த்து அடியில் சேர்கிறது. நன்றாக மூடிய கேனில் நிழலில் இருக்கும் பெற்றோல் ஆறு மாதம் தாங்கலாம். துளை திறந்த படகுத் தாங்கியில் மூன்று மாதத்துக்கு மேல் கிடந்ததை நான் நம்புவதில்லை.

கரையில் குறை தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. படகு அசையாமல் நிற்கையில் நீரும் கசடும் அடியில் படிந்திருக்கும். வடிகட்டி பாதி அடைபட்டிருந்தாலும் மெதுவான ஓட்டத்துக்குப் போதிய எரிபொருள் வந்துவிடும். அலையில் படகு குலுங்கியதும் அடியிலிருந்தவை கலங்கிக் குழாய்க்குள் ஏறுகின்றன, அதே நேரத்தில் இயந்திரமும் கூடுதல் எரிபொருளைக் கேட்கிறது. ஒயிலைப் பெற்றோலுடன் கலந்து ஊற்றும் இரு வீச்சு இயந்திரத்தில் விளைவு இன்னும் கொடியது. அங்கே பிஸ்டனுக்கு வேண்டிய ஒயிலும் அந்தப் பெற்றோலுடன்தான் வந்து சேர வேண்டும். ஒரு காபரேற்றரின் துளை பாதி அடைபட்டால் அந்த உருளைக்கு எரிபொருளும் குறைகிறது, ஒயிலும் குறைகிறது. உருளை சூடேறி, உள்ளே பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. ஒரு கேன் பழைய பெற்றோலைக் காப்பாற்ற எண்ணியவர்கள் ஓர் இயந்திரத்தையே இழந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

நம் கடலின் இயல்பையும் இங்கே நினைக்க வேண்டும். கொட்டியாரக் குடாவிலிருந்தே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குவதால், துறைமுக வாயிலுக்கு வெளியே சிறிது தூரத்திலேயே நங்கூரக் கயிறு எட்டாத ஆழம் வந்துவிடுகிறது. வைகாசிக்குப் பின் வீசும் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவது. இயந்திரம் நின்ற படகு கரைக்குத் தானாக வந்து ஒதுங்காது. சுற்றுலாப் பயணிகளைப் புறாத்தீவுக்கோ திமிங்கிலம் காட்டவோ ஏற்றிச் செல்பவர்கள் இதை இன்னும் கவனமாக எண்ண வேண்டும்.

சோதிப்பது எளிது. தாங்கியின் அடியிலிருந்து சிறிதளவை நிறமற்ற கண்ணாடிப் போத்தலில் எடுத்துப் பத்து நிமிடம் அசையாமல் வைத்தால், நீர் கனமானது என்பதால் அடியில் தனிக்கோடாகப் பிரிந்து நிற்கும். தேநீர் போலக் கறுத்திருந்தாலோ, வார்னிஷ் போன்ற புளித்த நெடி அடித்தாலோ அதைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம். ஒயில் கலந்த பெற்றோல் தொடக்கத்திலேயே நிறமேறியிருக்கும் என்பதால் அங்கே மணத்தையும் நீர்க்கோட்டையுமே நம்ப வேண்டும்.

தாங்கியைக் காலி செய்யும் வேலையில்தான் உயிராபத்து இருக்கிறது. குழாயை வாயில் வைத்து உறிஞ்சி இழுக்கும் வழக்கம் நம் கரைகளில் இன்னும் மறையவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வேலை பழகிய தம்பி ஒருவர், நான் பம்பை எடுத்துவரச் சென்ற இடைவெளியில் அப்படி உறிஞ்சினார். ஒரு மிடறுகூட இல்லை. இருமி முடித்துச் சிரித்தார், மாலையில் மூச்சு வாங்கி வைத்தியசாலையில் படுத்தார். பெற்றோலும் மண்ணெண்ணெயும் வயிற்றைவிட நுரையீரலுக்கே பெருங்கேடு. தவறி மூச்சுக்குழாய்க்குள் சென்ற சில துளிகளே நுரையீரலைப் புண்ணாக்கப் போதும். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, ஏனெனில் வாந்தியோடு அது மறுபடி மூச்சுக்குழாய்க்குள் போகும். நலமாக இருப்பதாகத் தோன்றினாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கைப்பம்பின் விலை பெரிதல்ல. வடித்த எரிபொருளைக் குடிநீர் அல்லது சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பதும் அதே அளவு ஆபத்தானது, வீட்டுப் பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

பெற்றோலின் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே கலைந்து போகாமல் படகின் அடித்தளத்தில் வழிந்து தங்கும். காற்றில் ஒன்றரை வீதம் அளவுக்குக் கலந்திருந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். ஆகவே திறந்த வெளியில், பகலில், பற்றரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பீடி சிகரெட்டுகளுக்கு இடமில்லாமல் இந்த வேலையைச் செய்யுங்கள். வடியும் பெற்றோலைப் பிடிக்கும் கேனைப் படகின் பைபர் தளத்தில் வைக்காமல் இறக்கித் தரையில் வையுங்கள், ஓடும் பெற்றோல் நிலைமின்னை உண்டாக்கும், அது தரைக்குள் இறங்காவிட்டால் பொறியாகப் பாயலாம்.

எடுத்ததை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கு மணலையும் கடலையும் பலர் விடையாகக் கொள்கிறார்கள். நம் கரையோர மணல் எதையும் தடுக்காது. ஊற்றியது சில அடி ஆழத்திலுள்ள கிணற்று நீரைச் சேரும். குப்பைக்கு ஊற்றி எரிப்பவர்களின் முகத்தில் தீ பாய்ந்ததையும் பார்த்திருக்கிறேன். நான் பெயரெழுதிய இரும்புக் கலனில் நிழலில் சேர்த்து வைத்து, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்கிறேன். நீரில்லாமல், நெடி மாறாமல், சற்றே பழசான பெற்றோலை நன்றாக வடித்து, ஒரு பங்குக்கு நான்கு பங்கு புதியது சேர்த்து, கரையில் ஓடும் நீரிறைக்கும் பம்பில் தீர்த்துவிடலாம். 2022 ஆகஸ்ட்டில் படகு இயந்திரங்களுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியதை அனுபவித்தவர்களுக்கு எதையும் கொட்ட மனம் வராது என்பதை அறிவேன். ஆனாலும் ஆட்களை ஏற்றும் படகில் அந்தக் கலவையை ஊற்ற நான் சம்மதிப்பதில்லை.

பல நாட்கள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் பலநாட்கலங்களின் டீசல் தாங்கியில் சிக்கல் வேறு. நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் பெருகி, வடிகட்டியைக் கருஞ்சளியாக அடைக்கும். அங்கே அடிநீரைத் தவறாமல் வடிப்பதே பாதி வைத்தியம்.

அடுத்த மாரிக்கு முன், கழற்றும் 24 லீற்றர் தாங்கியை முழுவதும் காலி செய்யுங்கள். கழற்ற முடியாத தாங்கியானால், விரிவதற்குச் சிறிது இடம் விட்டுப் புதிய பெற்றோலால் நிரப்பி, எரிபொருள் கெடாமல் காக்கும் பதப்படுத்தி மருந்தைச் சேர்த்து, அது காபரேற்றர் வரை செல்லப் பத்து நிமிடம் இயக்குங்கள். பழசான பெற்றோலை அந்த மருந்து புதிதாக்காது. பிறகு காபரேற்றர்க் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி வடித்துவிடுங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம் வைத்திருப்பவர்கள், இயந்திரத்தைத் தொடக்குவதற்கென்று வைத்திருக்கும் சிறிய பெற்றோல் கலனை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு நாளும் சிறிதளவே செலவாகி, மேலே மேலே ஊற்றப்படுவதால், படகிலேயே மிகப் பழைய பெற்றோல் அதில்தான் இருக்கும். பங்குனியில் முதலில் கழுவ வேண்டியதும் அதுவே.