காளான் அறை வீச்சமும் கரி ஃபில்டரும்: ஆன்லைனில் வாங்கியது ஏன் ஒரு மாதத்தில் கைவிடுகிறது

மொட்டை மாடி அறையில், ஓட்டம் நின்றுபோன தறிக்குடோனில், தோட்டத்துச் சாளையில் என்று கொங்குப் பக்கம் பலரும் சிப்பிக் காளான் போடுகிறார்கள். முதல் அறுவடை வரை யாருக்கும் தொந்தரவு இல்லை. அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டிலிருந்து பேச்சு வரும்: "ஏனுங்க, உங்க ரூம் பக்கமிருந்து என்னமோ வீச்சம் அடிக்குதுங்களே?" அன்று ராத்திரியே இணையத்தில் தேடுவார்கள். கண்ணில் படும் வீடியோக்களில் பெரும்பாலானவை வெளிநாட்டில் அறைக்குள் கஞ்சா வளர்ப்பவர்களுக்காக எடுத்தவை. அதில் காட்டும் உருளை வடிவக் கரி ஃபில்டரை ஆர்டர் போட்டுத் தொங்கவிடுவார்கள். சில வாரம் நன்றாக இருக்கும், பிறகு பழைய வீச்சம் அப்படியே திரும்பும். ஃபில்டர் போலி என்று திட்டுவார்கள். பெரும்பாலும் ஃபில்டர் போலியல்ல. அது வேறொரு அறைக்காகச் செய்தது.

கஞ்சா அறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் ஒப்பிட்டால்தான் விஷயம் விளங்கும். கனடாவில் 2018 முதல் உரிமம் பெற்று அதை வளர்க்கலாம். வாசம் வெளியே போகாதபடி காற்றை வடிகட்ட வேண்டும் என்பது அங்கே உரிம விதியிலேயே இருக்கிறது. அந்தச் செடியின் வாசத்தில் பெரும்பங்கு டெர்ப்பீன்கள். மிளகு, எலுமிச்சைத் தோல், பைன் மரம் இவற்றில் இருக்கும் அதே இனம். கூடவே மிக மிகச் சிறிய அளவில் கந்தகச் சேர்மங்களும் உண்டு. அந்தக் காட்டமான நெடிக்கு அவைதான் காரணம் என்று 2021-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். டெர்ப்பீன் போன்ற கனமான மூலக்கூறுகளைக் கரி எளிதாகப் பிடித்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், பூக்கும் பருவத்தில் அந்த அறையின் ஈரப்பதத்தைப் பூஞ்சைக்குப் பயந்து 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருப்பார்கள். நம் காளான் அறையோ 80, 85-இல் நிற்கும்.

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் கஞ்சாச் செடி வளர்ப்பது பத்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் கிடைக்கக்கூடிய குற்றம். மாடித் தொட்டியில் வைத்தாலும் அதேதான். அதை மறைக்க வழி கேட்பவர்களுக்கு இங்கே ஒன்றும் இல்லை. இது காளான்காரர்களுக்கு.

கரி வாசத்தைப் பிடிப்பது எப்படி என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். தேங்காய்த் தொட்டியை, அதாவது சிரட்டையை, சுட்டுக் கரியாக்கி, பிறகு 800, 900 டிகிரி செல்சியசுக்கு மேல் நீராவி விட்டு வேகவைத்தால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் திறக்கும். ஒரு கிராம் கரிக்குள் சுமார் ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு. வாச மூலக்கூறுகள் அந்தத் துளைகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினால் அந்தத் துளைகளில் தண்ணீர் ஏறி உட்கார்ந்துவிடும். வாசத்துக்கு இடம் இருக்காது. கரி புதிதுதான், ஆனால் நிறைந்துவிட்டது. காளான் அறையில் ஃபில்டர் கைவிட முதல் காரணம் இதுதான். அடுப்புக் கரியையோ இஸ்திரிக் கரியையோ உடைத்துப் போட்டால் ஆகாதா என்று கேட்கிறார்கள். ஆகாது. நீராவி ஏற்றாத கரியில் அந்தத் துளைகள் திறந்திருக்காது.

இரண்டாவது காரணம் வித்துத்தூள். சிப்பிக் காளானின் குடை ஓரம் விரிந்து மேலே வளையத் தொடங்கினால் வெள்ளைப் பொடி போல வித்துகள் கொட்டும். அவை கரியின் மேல் படிந்து மாவு பூசினாற்போல் அடைத்துவிடும். இந்தத் தூளைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வரக்கூடும். காளான் தொழிலாளர்களிடம் நெடுநாளாகவே அறியப்பட்ட நோய் அது. மாலையில் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத் திணறல், அறைக்குப் போகாத நாளில் சரியாகிவிடுகிறது என்றால் உடனே மருத்துவரைப் பாருங்கள். அறுவடைக்காக அறைக்குள் நுழையும்போது என்-95 முகக்கவசம் கட்டாயம். குடை ஓரம் கீழ்நோக்கி இருக்கும்போதே பறித்துவிட்டால் தூளும் குறையும், எடையும் விலையும் குறையாது.

மூன்றாவது, எல்லா நாற்றமும் கரிக்குக் கட்டுப்படாது. அம்மோனியாவையும் அழுகிய முட்டை வாடையான ஹைட்ரஜன் சல்பைடையும் சாதாரணக் கரி சரியாகப் பிடிக்காது. அம்மோனியாவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் ஏற்றிய கரியும், ஹைட்ரஜன் சல்பைடுக்குக் காரம் ஏற்றிய கரியும் தனியாக உண்டு. சிப்பிக் காளான் அறையில் இவ்விரண்டும் மூக்கில் அடித்தால் ஃபில்டரைத் தேட வேண்டாம், அழுகுவது எது என்று தேடுங்கள். மொட்டுக் காளானுக்குக் கோழி எரு சேர்த்து உரம் போடுபவர்களின் கதை வேறு. அங்கே அம்மோனியா வந்தே தீரும். தண்ணீரில் அது எளிதில் கரையும் என்பதால், வெளியேறும் காற்றை அமிலம் கலந்த நீர்த்தெளிப்பு வழியாக முதலில் கழுவ வேண்டும்.

வீச்சத்தின் பிறப்பிடம் பல நேரம் அறைக்கு வெளியேயும் இருக்கும். காளான் படுக்கைக்காக வக்கோலை ஊறவைத்த தொட்டித் தண்ணீரைப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு ராத்திரி விட்டாலே போதும், காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் பெருகி, கெட்ட வெண்ணெய் வாடையும் சாக்கடை வாடையும் கிளப்பும். அந்தத் தண்ணீரை அன்றன்றே தென்னைப் பாத்திக்கு ஓட்டி, தொட்டியைத் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். வேகவைத்த வக்கோலைக் கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் அதை அடைத்த பையின் அடியில் தண்ணீர் தேங்கி, அந்த இடம் பழுப்பாகி வழவழக்கும். வீச்சம் அங்கிருந்துதான். அப்படிப்பட்ட பையையும் பச்சைப்பூஞ்சை பிடித்த பையையும் அறைக்குள் பிரிக்காமல் முழுதாக வெளியே எடுங்கள். மூன்று பறிப்பு முடிந்த படுக்கைகளை வாசலில் குவித்து வைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. காய்ந்த இலைதழையோடு அடுக்கடுக்காகப் போட்டுப் புரட்டிவிட்டால் வாடையில்லாமல் மட்கும்.

வக்கோலைக் கிருமிநீக்க ஃபார்மலின் கரைசலில் ஊறவைக்கும் முறை இன்னும் பலரிடம் இருக்கிறது. குடியிருப்புக்கு நடுவில் அதைச் செய்யாதீர்கள். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கண் எரிச்சலோடு போகும் விஷயமல்ல. வெந்நீர் முறை போதும்.

இத்தனைக்குப் பிறகும் மிஞ்சும் காளான் வாசத்துக்குத்தான் ஃபில்டர். கணக்கு இப்படி. 10 அடிக்கு 10 அடி, உயரம் 9 அடி என்றால் அறை 900 கன அடி. காளான் வரும் பருவத்தில் கரியமில வாயு தேங்காமல் இருக்க மணிக்கு ஆறு முறை காற்று மாறட்டும்: 5400 கன அடி, அதாவது நிமிடத்துக்கு 90 கன அடி. கரியின் ஊடே காற்று நிமிடத்துக்கு 50 அடி வேகத்துக்கு மேல் போகக் கூடாது. ஆக 1.8 சதுர அடிப் பரப்பு வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒன்றேகால் அடித் தட்டு, இரண்டு அங்குலக் கனத்துக்குக் கரி, சுமார் நாலரைக் கிலோ. இதில் காற்று கரிக்குள் தங்குவது 0.2 விநாடி. வாசம் பிடிக்க அது போதும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் அந்த நேரம் பாதியாகிவிடும்.

தட்டைப் படுக்கையாகவே வையுங்கள், காற்று மேலிருந்து கீழே இறங்கட்டும். நிற்கவைத்தாலோ உருளையைக் கிடையாகத் தொங்கவிட்டாலோ கரி நாளடைவில் இறங்கி, மேலே ஒரு விரல்கடை இடைவெளி விழும். காற்று முழுக்க அந்தச் சந்து வழியாகத் தப்பிவிடும். நிரப்பும்போது தட்டைத் தட்டித்தட்டி நிரப்புங்கள், கரித்தூள் நெஞ்சுக்குள் போகாமல் மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கரி வாங்க நமக்கு அலைச்சல் இல்லை. காங்கேயம் வட்டாரம் தேங்காய்த் தொட்டிக் கரிக்குப் பெயர்போனது. கேட்க வேண்டியவை: அயோடின் எண் (கரி எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பதைக் காட்டும் அளவு) 1000-க்கு மேல், ஈரம் 5 சதவீதத்துக்குள், குருணை அளவு 4-க்கு 8 மெஷ் (சல்லடைக் கண் அளவு). தண்ணீர் ஃபில்டருக்கான நைஸ் குருணையைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள், காற்று அதில் நுழையத் திணறும்.

வரிசை முக்கியம். முதலில் வித்துத்தூளுக்கு இரண்டடுக்கு நெய்யாத்துணி வடிகட்டி, அதை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். அடுத்து சிறு ஹீட்டர், பிறகு கரித்தட்டு, கடைசியில் விசிறி. 25 டிகிரியில் 85 சதவீத ஈரத்தோடு வரும் காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 63 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மேலே சொன்ன அளவு அறைக்கு 300 வாட் போதும். ஆனால் கம்பிச்சுருள் (coil) திறந்திருக்கும் ஹீட்டர் கூடவே கூடாது, கரி பற்றிக்கொள்ளும். தகடு பொருத்திய வகை, சூடு மிஞ்சினால் தானே அணையும் கட் ஆஃப், விசிறி நின்றால் ஹீட்டரும் நிற்கும்படி இணைப்பு, இந்த மூன்றும் இல்லாமல் எலக்ட்ரீஷியனை அனுப்பிவிடாதீர்கள். நீர் தெளித்த அரை மணி நேரத்துக்கு விசிறியை நிறுத்தி வைத்தால் கரிக்குப் போகும் ஈரம் இன்னும் குறையும்.

சுவரில் மாட்டும் சாதாரண எக்ஸாஸ்ட் விசிறிக்குக் கரித்தட்டை மீறி இழுக்கும் திராணி கிடையாது. குழாயின் நடுவே பொருத்தும் ஆறு அங்குல இன்லைன் விசிறியில், பெட்டியில் நிமிடத்துக்கு 200 கன அடி என்று போட்டிருப்பதை எடுத்தால் தடைகளைத் தாண்டி 90 கிடைக்கும். மாட்டிய பிறகு கதவிடுக்கில் ஓர் ஊதுபத்தியைக் காட்டிப் பாருங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். வெளியே வந்தால் ஓட்டுச் சந்தோ ஜன்னலோ எங்கோ திறந்திருக்கிறது. அதை அடைக்காமல் எத்தனை கிலோ கரி போட்டும் பயனில்லை.

புகைபோக்கி வாய் கூரைக்கு மேலே போகட்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடித்துத் தள்ளும். ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து திரும்பும். பக்கச் சுவரில் ஓட்டை போட்டால் ஆறு மாதம் ஒரு வீட்டுக்காரர், ஆறு மாதம் இன்னொரு வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்கள்.

ஊதுபத்தி, பினாயில், ரூம் ஸ்பிரே எல்லாம் ஒரு வாசத்தின் மேல் இன்னொன்றை ஏற்றுபவை. ஓசோன் மெஷினைப் பற்றியும் கேட்கிறார்கள். ஓசோன் நுரையீரலை அரிக்கும், ஆள் புழங்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

கரி தீர்ந்ததா என்பதை அறைக்குள்ளேயே இருப்பவர் மோந்து சொல்ல முடியாது, மூக்கு பழகிப்போயிருக்கும். வெளியிலிருந்து வருகிற ஒருவரைப் புகைபோக்கி வாயில் நிற்கவைத்துக் கேளுங்கள். வெயிலில் காயவைத்தால் ஈரம் போகும், பிடித்த வாசம் முழுதாகப் போகாது. ஓரிரு முறைக்கு மேல் அதை நம்ப வேண்டாம். எடுத்துப் போடும் சாதாரணக் கரியை மட்கு உரத்தில் கலந்துவிடலாம். காரமோ அமிலமோ ஏற்றிய கரியை அப்படிச் செய்யாதீர்கள். காரக் கரி குவிந்து கிடந்தால் தானாகச் சூடேறும் தன்மை உள்ளது. விற்றவரிடமே திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்துகொண்டு வாங்குங்கள்.