பெட்ரோல் கூடினாலும் எஞ்சின் நிற்கும்

பழைய பைக் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். சோக்கை (காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டும் பிடி) இழுத்துவிட்டு, அதை மறந்து உதைத்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கும்; வண்டி கிளம்பாது. மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டுவார். நுனி நனைந்து கருத்திருக்கும். "ஓவர்ஃப்ளோ ஆயிடுச்சு" என்பார். சரி, இதே கோளாறு வானத்தில் வந்தால்?

2015 மார்ச் 5. கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா விமான நிலையத்திலிருந்து நடிகர் ஹாரிசன் ஃபோர்டு தன் ரயன் பிடி-22 விமானத்தில் தனியாகக் கிளம்பினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பயிற்சி விமானம் அது. 1942-இல் செய்தது, அவர் பிறந்ததும் அதே வருடம்தான். மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் சக்தி இழந்தது. உடனே திரும்பி இறங்க அனுமதி கேட்டார்.

திரும்புவதுதான் இதில் பெரிய ஆபத்து. விமானத்தை 45 டிகிரி சாய்த்துத் திருப்பினால், இறக்கைகள் அதன் எடையைப் போல 1.4 மடங்கைச் சுமக்க வேண்டும். விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகமும் கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடிவிடும். எஞ்சின் இல்லாதபோது அந்த வேகம் எங்கிருந்து வரும்? மூக்கைத் தாழ்த்தி, கையில் இருக்கும் உயரத்தைச் செலவழித்துத்தான். அந்த நேரத்தில் மூக்கை உயர்த்திப் பார்க்கத்தான் கை துடிக்கும். உயர்த்தினால் விமானம் கல் போல விழும். ஃபோர்டு மணிக்கு 85 மைல் வேகத்தை விடாமல் பிடித்திருந்தார். ஓடுபாதை எட்டாது என்று தெரிந்ததும் பக்கத்திலிருந்த கோல்ஃப் மைதானத்துக்குத் திருப்பினார். ஒரு மரத்தின் உச்சியில் மோதி, விமானம் புல்தரையில் விழுந்தது. பலத்த காயங்களோடு அவர் பிழைத்தார். என்னைக் கேட்டால், அந்தச் சில நொடிகளில் இதைவிட நன்றாக யோசித்திருக்க முடியாது.

அப்புறம் புலனாய்வாளர்கள் கார்புரேட்டரைப் பிரித்தார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி அது. கார்புரேட்டரின் குறுகிய கழுத்துக்குள் காற்று வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த வித்தியாசம் கிண்ணத்திலுள்ள பெட்ரோலை மேலே தள்ளுகிறது. வழியில் ஜெட் என்ற சிறு துண்டு, திருகாணி போல முறுக்கிப் பொருத்தியிருக்கும். அதன் நடுவிலுள்ள நுண்ணிய துளைதான் எவ்வளவு பெட்ரோல் போகலாம் என்று தீர்மானிக்கிறது. எடைக் கணக்கில் 15 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்பது ஏறக்குறைய சரியான கலவை. பெட்ரோல் அளவு மீறினால், எரிக்க ஆக்சிஜன் போதாது. தீப்பொறி விழுந்தாலும் பற்றாது.

ஃபோர்டின் விமானத்தில் முதன்மை ஜெட் தன் இடத்திலிருந்து கழன்று, சுமார் 90 டிகிரி புரண்டு கிடந்தது. அளவு பார்த்து விட வேண்டிய வாசல் திறந்தே கிடந்ததால் பெட்ரோல் வெள்ளமாகப் பாய்ந்திருக்கும். ஒரே நாளில் கழன்றதல்ல, காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு. அந்த ஜெட்டை எப்படிப் பொருத்துவது, எப்படிப் பராமரிப்பது என்று சர்வீஸ் கையேட்டில் குறிப்பே இல்லை.

இன்னொன்றையும் கண்டார்கள். தோள்பட்டை பெல்ட்டை இருக்கையின் முதுகுத் தகட்டில் பொருத்தியவர்கள், அந்த இடத்துக்கு வலுவூட்டல் எதுவும் கொடுக்கவில்லை. மோதிய வேகத்தில் போல்ட், வாஷர், நட்டு எல்லாம் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டன. பெல்ட் போட்டிருந்தும் அவருக்குக் காயம் அவ்வளவு கடுமையாகப் பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.