மணியோசை வரும் முன்னே: ரெஸ்லிங் என்ட்ரி மியூசிக் எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்க ரெஸ்லர் ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின் வரப்போகிறார் என்றால் முதலில் ஒரு கண்ணாடி உடையும். அந்தச் சத்தம் ஒரு நொடிகூட முழுசாக நீடிக்காது, அதற்குள் அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றுவிடும். ஆளை இன்னும் ஒருத்தரும் பார்க்கவில்லை, திரைகூட அசையவில்லை. பின்னால் வருகிற கிட்டாரும் டிரம்ஸும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வேலை அந்த முதல் நொடியிலேயே முடிந்துவிட்டது. ரெஸ்லிங் தீம் மியூசிக்கை வெறும் பாட்டாக நினைத்துக் கேட்டால் பாதிதான் புரியும். அது அடிப்படையில் ஒரு சிக்னல், மிச்சமெல்லாம் ஆள் ரிங்குக்கு நடந்து வருவதற்கான நேரம்.

சரி, ஏன் கண்ணாடி? கூட்டத்தின் இரைச்சல் என்பது ஆயிரக்கணக்கான மனிதக் குரல்களின் குவியல். ஆட்கள் கத்தும்போது அந்தச் சத்தத்தின் பெரும்பங்கு ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸிலிருந்து 3,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அதே எல்லைக்குள் இன்னொரு சத்தத்தைப் போட்டால் கூட்டம் அதை விழுங்கிவிடும். கிட்டார் ஒலியில் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது, அதனால் வெறும் கிட்டாரை வைத்து ஆரம்பித்தால் முதல் ஓரிரு நொடி யாருக்கும் சரியாகக் கேட்காது. கண்ணாடி உடையும் சத்தமோ அதற்கு மேலே, 4,000 ஹெர்ட்ஸைத் தாண்டி 10,000 வரைக்கும் சிதறிப் போகிறது. நம் உள்காதில் நத்தைக்கூடு மாதிரி சுருண்ட காக்ளியாவில் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஓர் இடம் உண்டு, உச்ச அதிர்வெண்களுக்கு வாசலை ஒட்டிய பகுதி. கூட்டம் எவ்வளவு கத்தினாலும் அந்தப் பகுதி அவ்வளவாக நிரம்புவதில்லை. கண்ணாடி நேராக அங்கே போய் விழுகிறது.

இன்னொன்று, சத்தம் எவ்வளவு பெரியது என்பதோடு எவ்வளவு சீக்கிரம் பெரிதாகிறது என்பதும் முக்கியம். பெரிய சத்தம் படாரென்று வந்தால் திடுக்கிடல் அனிச்சை வேலை செய்யும். காதிலிருந்து மூளைத்தண்டுக்குப் போய் அங்கிருந்தே தசைகளுக்குத் திரும்புகிற மிகக் குட்டையான நரம்புப் பாதை அது. கண் இமைப்பதற்கு 50 மில்லி செகண்ட்கூட ஆகாது. யோசிக்கிற மூளைக்கு விஷயம் போய்ச் சேரும் முன்னால் தோள் தூக்கிவிடும், இதயம் கொஞ்சம் கூடுதலாக அடிக்க ஆரம்பிக்கும். ரெஸ்லிங் பொய், முடிவெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்தது என்று சொல்கிறவர்கள் எங்கள் தெருவிலும் நிறைய பேர். முடிவு எழுதி வைத்தது என்பது உண்மைதான், ஆனால் பார்க்கிறவன் உடம்பில் நடக்கிற இதை யாரும் எழுதி வைக்கவில்லை.

திடுக்கிட்ட அடுத்த கணமே, வருவது யார் என்று தெரிந்துவிடுகிறது. 1999-ல் வெளியான ஓர் ஆய்வில் பிரபலமான பாட்டுகளிலிருந்து வெறும் 100 மில்லி செகண்ட், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு, நீளமுள்ள துண்டுகளைக் கேட்க வைத்தார்கள். அந்தத் துண்டில் மெட்டும் இல்லை, தாளமும் இல்லை, இருந்தாலும் கொடுத்த ஐந்து பாட்டுகளில் எது என்பதை வெறும் குருட்டாம்போக்கை விட நன்றாகவே கண்டுபிடித்தார்கள். துண்டிலிருந்த உயர் அதிர்வெண்களை வடிகட்டி எடுத்ததும் தடுமாறினார்கள். காது பிடித்தது ஒலியின் நிறத்தை, அது யாருடைய குரல், எந்த வாத்தியம், எப்படிப் பதிவு செய்தது என்கிற சாயலை. தி ராக் என்கிற ரெஸ்லர் வரும்போது இசைக்கு முன்னால் அவர் குரலே ஒலிப்பது அதனால்தான் அவ்வளவு சரியாக வேலை செய்கிறது.

இசையோடு ரிங்குக்கு வருகிற இந்தப் பழக்கம் 1940-களின் ரெஸ்லர் கார்ஜியஸ் ஜார்ஜிடமே இருக்கிறது. சுருட்டைத் தலைமுடியும் ஜிகினா அங்கியுமாக அவர் வரும்போது, ஆங்கில இசையமைப்பாளர் எல்கர் 1901-ல் எழுதிய அணிவகுப்பு இசை ஒலிக்கும், பிற்பாடு ரேண்டி சாவேஜும் அதையே எடுத்துக்கொண்டார். 1970-களின் கடைசியிலும் 80-களின் தொடக்கத்திலும் ஃபேபுலஸ் ஃப்ரீபர்ட்ஸ் என்கிற ரெஸ்லிங் அணியினர் ராக் இசையைக் கொண்டுவந்தார்கள். அப்புறம் 1985-லிருந்து 2017 வரை அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ-யில் ஜிம் ஜான்ஸ்டன் என்கிற ஒரே மனிதர் நூற்றுக்கணக்கான தீம்களை உருவாக்கினார். ஆஸ்டினின் கண்ணாடியும் அவர் வேலைதான். என்னைக் கேட்டால் பல சினிமா இசையமைப்பாளர்களை விட அதிக மூளைகளுக்குள் நுழைந்தவர் அவர், ஆனால் பெயர் சொன்னால் நம் ஊரில் யாருக்கும் தெரியாது.

கண்ணாடிக்கு நேர் எதிர் வழியில் போனது, சவ அடக்கம் செய்கிறவர் வேடத்தில் வந்த ரெஸ்லர் அண்டர்டேக்கரின் மணி. அவர் முதன்முதலில் தோன்றியது 1990 நவம்பரில். ஒரே ஒரு அடி, நீண்ட இடைவெளி, விளக்குகள் அணையும், மறுபடி ஓர் அடி. பெரிய உள்ளரங்கில் ஒரு சத்தம் முழுசாக அடங்க 2 நொடி, சில இடங்களில் அதற்கு மேலும் ஆகும். வேகமான இசையை அங்கே போட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும். மணிக்கு அந்த எதிரொலி ஆதாயம், கட்டிடமே அதை நீட்டிக் கொடுக்கிறது.

மணி ஒலிக்குள் இன்னொரு விசேஷமும் உண்டு. வயலின் கம்பி அதிர்ந்தால் அடிப்படை அதிர்வெண்ணும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கும் ஒழுங்காக வரும். கனமான மணியில் அந்த ஒழுங்கு பிசகும், பல பகுதி ஒலிகள் ஒன்றோடொன்று முழுசாகப் பொருந்தாமல் நிற்கும், அதை நாம் சோகம், பயம் என்றெல்லாம் உணர்வதற்கு அந்த அமைதியின்மையும் ஒரு காரணமாக இருக்கலாம். தேவாலய மணியை அடித்ததும் நமக்குக் கேட்கிற முக்கியமான சுருதி பெரும்பாலும் அந்த ஒலியில் தனியாக இருப்பதே இல்லை, மேலே உள்ள பகுதி ஒலிகளை வைத்து மூளை தானாகக் கட்டிக்கொள்கிறது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீடுகளில் டென் ஸ்போர்ட்ஸ் ஓடிய காலத்தில் 21 இன்ச் டிவியின் ஸ்பீக்கர் உள்ளங்கை அளவுதான், கீழ் அதிர்வெண்கள் அதில் வரவே வராது. அப்படியும் அந்த மணி கனமாகத்தான் கேட்டது, ஏனென்றால் இல்லாத அடித்தளத்தை நிரப்புவது மூளையின் அன்றாட வேலை. ஜன்னல் திறந்திருந்தால் போதும், கீழே கோலி ஆடுகிற பையன் எந்த வீட்டு டிவி என்று பார்க்காமலே மாடிப்படி ஏறி ஓடுவான்.

அண்டர்டேக்கரின் பழைய தீம்களில் மணிக்கு அப்புறம் வருகிற மெட்டு இசையமைப்பாளர் ஷோபேனின் சவ ஊர்வல இசையை ஒட்டியது. மேற்கத்திய ஊர்களில் அது சாவு இசை என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். புளியந்தோப்புப் பிள்ளைக்கு அது ஒன்றுமே இல்லை. அவனுக்குச் சாவு என்றால் சாவு மேளம்தான். கோயில் மேளத்துக்கும் சாவு மேளத்துக்கும் வித்தியாசத்தை இரண்டு தெரு தள்ளி, ஆளையே பார்க்காமல், நடையை வைத்தே சொல்லிவிடுவான், கூடவே யார் வீட்டில் என்று விசாரிக்கவும் ஆரம்பித்துவிடுவான். ராயபுரம், காசிமேடு பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தேவாலயத்தின் துக்க மணியும் சேர்ந்துகொள்ளும், மெதுவாக, விட்டு விட்டு அடிப்பது. அதனால் அண்டர்டேக்கரின் மணி இங்கே உடனே பிடித்துக்கொண்டது, மெட்டுக்கு மட்டும் பழக வேண்டியிருந்தது. சில வாரம் பார்த்த பிறகு அந்த மெட்டைக் கேட்டாலே முதுகுத்தண்டு சில்லிடும். ஒரு ஒலிக்குப் பயத்தை ஏற்றுவது பெரும்பாலும் கூடவே வருகிற அனுபவம்தான், அதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இப்படி ஒட்ட வைப்பதைத்தான் பாவ்லோவ் நாய்களிடம் காட்டினார். சாப்பாட்டுக்கு முன்னால் மெட்ரோனோம் ஒலியைக் கேட்க வைத்தால், நாளடைவில் அந்த ஒலிக்கே எச்சில் ஊறும். இதில் அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். 1990-களில் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்கிற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்களை அளந்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டு ஜூஸ் கிடைத்தால் அந்த அணுக்கள் துள்ளின. ஜூஸுக்கு முன்னால் எப்போதும் ஒரு விளக்கு எரியும் என்று பழகியதும் துள்ளல் விளக்குக்கு மாறிவிட்டது, ஜூஸ் வரும்போது சலனமே இல்லை. ரெஸ்லிங்கில் நடப்பதும் இதுதான். ஆள் வெளியே வரும்போது இருக்கிற சந்தோஷத்தை விட, கண்ணாடி உடையும்போது இருக்கிற சந்தோஷம் பெரியது. 2011-ல் மான்ட்ரியல் ஆய்வாளர்கள் இசை கேட்பவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோதும் கிட்டத்தட்ட இதையே கண்டார்கள்: உச்ச கட்டத்தில் ஒரு பகுதியில் டோபமைன் சுரக்கிறது, அதற்கு முந்தைய எதிர்பார்ப்பு நொடிகளில் வேறொரு பகுதியில் சுரக்கிறது. எதிர்பார்ப்பதற்குத் தனியாகவே ஒரு கூலி கிடைக்கிறது.

30 பேர் ஒருவர் பின் ஒருவராக ரிங்குக்குள் வருகிற ராயல் ரம்பிள் போட்டி மொத்தமும் இந்த ஒரு விஷயத்தின் மேல் நிற்கிறது. குறித்த இடைவெளியில் 10, 9, 8 என்று கூட்டமே எண்ணும், பஸ்ஸர் அடிக்கும், ஒரு குட்டி மௌனம், அப்புறம் இசை. எப்போது என்பது நூறு சதவீதம் தெரியும், யார் என்பது துளிகூடத் தெரியாது. பரிசு கிடைக்குமா கிடைக்காதா என்கிற நிச்சயமின்மை அதிகமாக இருக்கும்போது டோபமைன் அணுக்கள் காத்திருக்கும் நேரம் முழுக்கச் செயல்பட்டுக்கொண்டே இருக்கும் என்பதும் குரங்குகளில் பார்த்ததுதான். 2008 ஜனவரியில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 30-வது ஆளாக யார் வரப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஜான் சீனா முந்தின அக்டோபரில்தான் மார்புத் தசை கிழிந்து அறுவை சிகிச்சைக்குப் போனவர், அவர் பெயர் கணக்கிலேயே இல்லை. அவர் தீமின் பித்தளை ஊதல் கேட்டதும் எழுந்த சத்தத்தை இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் புல்லரிக்கும். மூளை கணித்ததற்கும் காது கேட்டதற்கும் இடையில் எவ்வளவு பெரிய பள்ளமோ அவ்வளவு பெரிய கூச்சல்.

இதைக் கெடுப்பதும் சுலபம். ஒலி மட்டும் வந்து சாப்பாடு வராமல் போய்க்கொண்டே இருந்தால் நாய்க்கு எச்சில் ஊறுவது நின்றுவிடும். தீம் மியூசிக் ஒலித்து ஆள் வராமல் எதிராளியைத் திசைதிருப்பித் தோற்கடிக்கிற வித்தையை ரெஸ்லிங்கில் அடிக்கடி செய்கிறார்கள், எனக்கு அது பிடிப்பதே இல்லை, சேர்த்து வைத்ததைச் சில்லறைக்குச் செலவழிக்கிற காரியம். அளவாகப் பயன்படுத்தினால் அந்த ஒட்டு ஆயுசுக்கும் நிற்கும். ஆஸ்டின் 2003-க்குப் பிறகு 2022 வரை மேட்ச் ஆடவில்லை. 2022 ஏப்ரலில், 19 வருடம் கழித்து, டெக்சாஸில் நடந்த ரெஸில்மேனியா என்கிற டபிள்யூடபிள்யூஇ-யின் பெரிய வருடாந்திர நிகழ்ச்சியில் கண்ணாடி உடைந்தபோது அதே துள்ளல் அப்படியே இருந்தது.

இவ்வளவு நேரம் கூட்டம் கேட்கிறதைப் பற்றித்தான் பேசினேன், கூட்டம் திருப்பிப் பாடுவதும் உண்டு. சீனாவின் ஊதலில் இருக்கிற நாலு சுரத்தில் ‘ஜான் சீனா சக்ஸ்’ என்று அவரைத் திட்டிப் பாட ரசிகர்கள் வழி கண்டுபிடித்தார்கள், அசையும் சுரமும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஜப்பானிய ரெஸ்லர் நாகமுராவின் வயலின் மெட்டை, இசை நின்ற பிறகும் பாடிக்கொண்டிருப்பார்கள். தாளம் கேட்டாலே, நாம் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும், மூளையின் அசைவுப் பகுதிகள் வேலை செய்ய ஆரம்பித்துவிடும், அடுத்த அடி எப்போது விழும் என்று அவைதான் கணக்குப் போடுகின்றன. ஆனால் திறந்த ஸ்டேடியத்தில் இது சிக்கலாகிறது. சத்தம் நம் ஊர் வெப்பத்தில் நொடிக்கு சுமார் 350 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு ஒவ்வொரு அடியும் கால் நொடிக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேரும், அவர் அதற்கேற்பக் கைதட்ட, அந்தத் தட்டல் முன்வரிசைக்குத் திரும்பி வர இன்னொரு கால் நொடி.

இதெல்லாம் எனக்கு முக்கியமாகப் படுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் என்று பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை பார்த்த பகுதி எங்கள் வடசென்னை, இன்றும் இங்கே பாக்சிங் போட்டியும் ஆணழகன் போட்டியும் நடக்கின்றன, ஆனால் என்ட்ரிக்கு எல்லோருக்கும் அந்த வாரம் ஹிட்டான ஒரே சினிமாப் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். ஊரே நாள் பூராவும் கேட்கிற பாட்டு எந்த ஒருத்தரோடும் ஒட்டாது. அதற்குப் பதில் பறையை யோசித்துப் பாருங்கள். தீயில் காய்ச்சி இறுக்கிய தோலின் மேல் மெல்லிய சுண்டுக்குச்சி விழும்போது ஒலி ஒரே கணத்தில் உச்சத்துக்குப் போகிறது, கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே இருக்கிற அதிர்வெண்களும் அதில் தாராளமாக இருக்கின்றன. கண்ணாடியிடம் இருப்பதெல்லாம் இதனிடமும் இருக்கிறது. ஒவ்வொரு பாக்சருக்கும் இரண்டு நொடியில் அடையாளம் தெரிகிற ஓர் அடி, அவருக்கு மட்டும், போட்டிக்குப் போட்டி மாறாமல், கடைசி அடியில் ஆள் வெளியே வந்தாக வேண்டும். ஒரு சீசன் முழுக்க இதைச் செய்தால் போதும்.

மைக் செட்காரரிடமும் சொல்லி வையுங்கள். குழாய் ஸ்பீக்கரில் கீழ் அதிர்வெண் வராது, பறையின் அடிக்குச்சி விழும் கனம் கேட்க வேண்டுமென்றால் பாக்ஸ் வேண்டும். மைதானத்தின் கடைசியில் இன்னொரு ஜோடி பாக்ஸ் கட்டினால் 35 மீட்டருக்கு 100 மில்லி செகண்ட் கணக்கில் அதற்குத் தாமதம் கொடுக்க வேண்டும், இப்போது வருகிற டிஜிட்டல் மிக்ஸர்கள் பலவற்றில் அந்த வசதி இருக்கிறது. இல்லையென்றால் ஒரே அடி பின்வரிசைக்கு இரண்டாகக் கேட்கும். அப்படி ஆவதை விட, பின்ஜோடியைக் கட்டாமல் விட்டு முன்ஜோடியை நல்ல உயரத்தில் ஏற்றிக் கட்டுவதே மேல்.